உறைபெட்டியில் ஒரு மருந்து: விஞ்ஞானி சுரேன் சேகலின் கதை

அறுகம்பேயில் கடலாடிவிட்டு வீடு திரும்பும் பிள்ளையை உம்மா வாசற்படி ஏற விடமாட்டார். முதலில் கிணற்றடி. காலில் ஒட்டிய மணல் முழுவதும் போன பிறகுதான் உள்ளே வர அனுமதி. மண் என்றால் அழுக்கு என்பது எமக்குச் சிறுவயதிலேயே படிந்துவிடும் பாடம். அதே மண்ணைக் கொண்டு, தண்ணீர் கிடைக்காத வேளையில் தயம்மும் செய்து தொழலாம் என்பதை மத்ரஸாவில் பின்னர் படிக்கிறோம். அழுக்கு என்று கழுவிய பொருளே தூய்மைக்கும் உதவுகிறது என்பது சிறுவயதில் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இக்கட்டுரை பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஒரு தீவின் மண்ணைப் பற்றியது. அந்த மண்ணிலிருந்து கிடைத்த மருந்தொன்றை, எல்லோரும் கைவிட்ட காலத்தில், தன் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்த ஒரு மனிதரைப் பற்றியது. அவர் பெயர் சுரேந்திர நாத் சேகல். விஞ்ஞான உலகம் அவரைச் சுரேன் சேகல் என்று அறியும்.

அவரது வாழ்க்கைக்குள் போகுமுன் அந்த மருந்து எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் சத்திரசிகிச்சைக்காகப் பள்ளிவாசல் முற்றத்தில் உதவி கேட்கப்படுவதை எமது ஊர்களில் அடிக்கடி காண்கிறோம். தாயோ சகோதரனோ ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்திருப்பார். பணம் சேர்கிறது, கொழும்புக்கோ கண்டிக்கோ போகிறார்கள், சத்திரசிகிச்சை நடக்கிறது. அத்துடன் விடயம் முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். நோயாளிக்கோ அன்றிலிருந்துதான் நீண்ட கணக்கொன்று ஆரம்பமாகிறது.

எமது உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியர் அதனை நிர்ப்பீடனத் தொகுதி என்று அறிவர். வெளியிலிருந்து வரும் பக்டீரியாவையும் வைரசையும் அடையாளம் கண்டு அழிப்பது அதன் வேலை. தன் கலம் எது, பிறர் கலம் எது என்பதை அது நுட்பமாகப் பிரித்தறியும். அன்போடு கொடுக்கப்பட்ட தாயின் சிறுநீரகமும் அதற்கு அந்நியம்தான். நிணநீர்க் கலங்கள் எனப்படும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள் புதிய உறுப்பைக் கண்டதும் தம்மைப் பல மடங்காகப் பெருக்கிக்கொண்டு தாக்கத் தொடங்கும். இதையே உறுப்பு நிராகரிப்பு என்கிறோம். அந்தப் படையைச் சற்று அடக்கிவைக்கும் மருந்தை, உறுப்பு இயங்கும் காலம் வரை, நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்துக் குளிசையை நிறுத்தியதால் கிடைத்த சிறுநீரகத்தை இழந்தவர்கள் உலகெங்கும் உள்ளனர்.

1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வைத்தியர் ஜோசப் மரே முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர்கள். ஆகவே உடல் அதை அந்நியமாகக் கொள்ளவில்லை. இரட்டைச் சகோதரர் இல்லாத ஏனையோருக்கு என்ன வழி? 1960களில் அசதயோபிரின் என்ற மருந்து வந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் கேட்ரூட் எலியன் என்ற பெண்மணி; அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். அதன் பின் நோர்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பங்கசிலிருந்து சைக்ளோஸ்போரின் எடுக்கப்பட்டு, 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறுப்பு மாற்றத்தின் வரலாற்றையே அது மாற்றியது. ஆனால் அதில் ஒரு கொடுமையும் இருந்தது. சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கப்படும் அந்த மருந்து, நீண்ட காலம் எடுக்கும்போது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. வேறுவிதமாக இயங்கும் ஒரு மருந்தை உலகம் தேடிக்கொண்டிருந்தது. அது ஏற்கெனவே ஒருவரது வீட்டு உறைபெட்டியில் இருந்ததை உலகம் அறியவில்லை.

சுரேன் சேகல் 1932 பெப்ரவரி 10ஆம் திகதி பஞ்சாப் மாகாணத்தின் குஷாப் என்ற ஊரில் பிறந்தார். மருந்துத் தயாரிப்புத் தொழிலோடு தொடர்புடைய குடும்பம். 1947இல் நாடு பிளவுண்டபோது குஷாப் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. அவருக்கு அப்போது வயது 15. இந்தியப் பக்கம் வந்து சேர்ந்த எண்ணற்ற இந்துக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. எதிர்த்திசையில் அதேயளவு முஸ்லிம் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சகோதரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு, பிறந்த ஊர் ஒரே நாளில் பிறர் ஊராகிப் போவதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் படித்தார். பின்னர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1957இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கிருந்து கனடா. ஒட்டாவாவில் சிறிது காலம் ஆய்வுப் பணி செய்தபின் மொன்றியல் நகரிலிருந்த அயர்ஸ்ட் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். நுண்ணங்கிகளை வளர்த்து அவை சுரக்கும் பொருள்களிலிருந்து மருந்து தேடுவதே அவரது வேலை. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கிடைத்த பின்னர் உலகின் மருந்து நிறுவனங்கள் எல்லாம் மண் அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சிறங்கை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. இடத்துக்காகவும் உணவுக்காகவும் ஒன்றோடொன்று போராடும் அவை, ஒன்றையொன்று கட்டுப்படுத்த இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் சில எமக்கு மருந்தாகின்றன.

இனி அந்தத் தீவுக்குப் போவோம். ஈஸ்டர் தீவு என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள்; கடலோரமெங்கும் பிரமாண்டமான கற்சிலைகள் நிற்கும் தீவு. அங்கு வாழும் மக்கள் அதனை ராப்பா நூயி என்கின்றனர். தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சொந்தமானது. ஆனால் சிலியின் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. 1964இல் அங்கே ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான மக்களே வாழ்ந்தனர். விமான நிலையம் ஒன்று அமைக்கும் திட்டம் இருந்தது. வெளியுலகம் வந்து கலப்பதற்கு முன்னர், தனித்து வாழ்ந்த அம்மக்களின் உடல்நலத்தைப் படித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு, மொன்றியலைச் சேர்ந்த வைத்தியர் ஸ்டான்லி ஸ்கொரினா தலைமையில் ஒரு குழு, கனடாக் கடற்படையின் கேப் ஸ்கொட் என்ற கப்பலில் புறப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் அங்கு போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய தீவு மக்கள் அனைவரையும் அவர்கள் பரிசோதித்தனர். குருதி எடுத்தனர், எக்ஸ்ரே படம் பிடித்தனர்.

குழுவிலிருந்த நுண்ணங்கியியலாளர் ஜோர்ஜ் நொக்ராடி வேறொன்றைக் கவனித்தார். தீவில் எங்கு பார்த்தாலும் குதிரைகள். மக்கள் வெறுங்காலோடு நடக்கின்றனர். குதிரைச் சாணம் கலந்த மண், காலில் காயம், இரண்டும் சேர்ந்தால் ஏற்புவலி வர வேண்டும். ஆனால் அங்கே ஏற்புவலி அபூர்வம். ஏன்? விடை மண்ணில் இருக்கலாம் என்று கருதிய அவர், தீவை 67 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் மண் மாதிரி எடுத்துக் கனடாவுக்குக் கொண்டுவந்தார். அவரது ஆய்வு முடிந்த பின்னர் அந்த மாதிரிகள் அயர்ஸ்ட் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கப்பட்டன.

குளோட் வெசினா தலைமையிலான குழுவில் சேகலும் இருந்தார். ஒரு மாதிரியிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்ற பக்டீரியா, பங்கசுகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைச் சுரப்பதைக் கண்டனர். 1972இல் அது பிரித்தெடுக்கப்பட்டது; 1975இல் அதுபற்றிய கட்டுரைகள் வெளியாயின. தீவின் பெயரையே அதற்கு வைத்தனர்: ரபமைசின். வாயிலும் உடலிலும் வளரும் கன்டிடா பங்கசுக்கு எதிரான நல்ல மருந்து கிடைத்துவிட்டதாகவே முதலில் எல்லோரும் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விலங்குகளில் பரிசோதித்தபோது அது நிர்ப்பீடனத்தை அடக்குவது தெரியவந்தது. கிருமித் தொற்றுக்காகக் கொடுக்கும் மருந்து உடலின் காவற்படையையே தூங்க வைத்தால் அதனால் என்ன பயன்? பங்கசு மருந்து என்ற கனவு அத்தோடு போயிற்று. சேகல் சும்மா இருக்கவில்லை. அந்தச் சேர்வையை அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே அது பல புற்றுக் கட்டிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. பரிசோதித்தவர்கள் ஆர்வம் காட்டினர். நிறுவனத்திலோ வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடிவிட்டு, பணியாளர் சிலரை மட்டும் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டனுக்கு மாற்ற முடிவாயிற்று. ரபமைசின் ஆய்வு கைவிடப்பட்டது.

இங்கேதான் சேகலின் வாழ்க்கையின் முக்கியமான கட்டம் வருகிறது. இலாபம் தராத சேர்வைகள் அழிக்கப்பட வேண்டும் என்பது கட்டளை. ஆய்வுகூடம் மூடப்படுமுன் சேகல் கடைசியாக ஒரு பெருந்தொகுதி ரபமைசினைத் தயாரித்தார். அதைச் சிறு குப்பிகளில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பத்தார் பின்னாளில் சொன்ன கதையின்படி, ஐஸ்கிரீம் வைக்கும் உறைபெட்டியில் அதுவும் இருந்தது. எவரும் தவறுதலாக எடுத்துச் சாப்பிட்டுவிடாதிருக்க, உண்ணக் கூடாது என்று மேலே எழுதியும் ஒட்டியிருந்தார். 1983இல் குடும்பம் நியூ ஜெர்சிக்கு இடம் மாறியபோது, உலர்பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் அந்தக் குப்பிகளும் எல்லை கடந்தன.

வீட்டை விட்டுப் போகும்போது ஒரு மனிதன் எதைக் கையில் எடுக்கிறான்? 2004 டிசம்பருக்குப் பின் எமது கரையில் இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் பேசப்பட்டது என்பது பெற்றோருக்குத் தெரியும். 15 வயதில் ஊரை விட்டு வந்த சேகல், ஐம்பது வயதை அண்டியபோது இன்னோர் ஊரை விட்டுப் புறப்படுகையில் எடுத்தது, எவரும் விலை கொடுக்காத ஒரு வெள்ளைப் பொடியை.

அவர் செய்தது சரியா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். தொழில் தரும் நிறுவனத்தின் பொருள் எமக்கு அமானிதம் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அழிக்கச் சொன்னதை அழிக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்வது அமானிதத்தை மீறுவது ஆகாதா? எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் அதை விற்கவில்லை, வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவில்லை, ஐந்தாண்டுகள் வைத்திருந்து, எவருக்குச் சொந்தமோ அவர்களுக்கே திரும்பக் கொடுத்தார். ஆனாலும் கட்டளையை மீறினார் என்பது உண்மை. அவர் கணித்தது பிழைத்திருந்தால் இக்கதையை எவரும் மெச்சியிருக்கமாட்டார்கள். இதைப் படிக்கும் மாணவியர் வகுப்பில் விவாதித்துப் பார்க்கலாம். இரு பக்கமும் பேசுவதற்கு விடயம் இருக்கிறது.

பிரின்ஸ்டனில் அவருக்கு வேறு வேலைகள் தரப்பட்டன. ரபமைசினைப் பற்றி வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் மேலதிகாரிகளிடம் பேசினார். பதில் வரவில்லை. 1987இல் அயர்ஸ்ட் நிறுவனம் வயத் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. புதிய நிருவாகம், புதிய முகங்கள். சேகல் மறுபடியும் போய்க் கேட்டார். இம்முறை அவரிடம் பலமான ஒரு வாதம் இருந்தது. அன்று குறை என்று ஒதுக்கிய அதே குணம், நிர்ப்பீடனத்தை அடக்கும் குணம், இன்று தேவைப்படுகிறது; சைக்ளோஸ்போரின் வந்தபின் உறுப்பு மாற்றம் உலகெங்கும் பரவிவிட்டது. 1988இல் அனுமதி கிடைத்தது. உறைபெட்டி திறக்கப்பட்டது. அந்தக் குப்பிகளிலிருந்தே ஆய்வு மீண்டும் தொடங்கிற்று.

அதே ஆண்டு பெப்ரவரியில்தான் ஜித்தா நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, உறுப்பு மாற்றுச் சிகிச்சை குறிப்பிட்ட நிபந்தனைகளோடு மார்க்கத்தில் ஆகுமானது என்று தீர்மானித்தது. உறுப்பு விற்பனைப் பொருளாகக் கூடாது என்பதும் அந்த நிபந்தனைகளுள் ஒன்று. எமது நாட்டிலும் அந்தக் காலத்திலேயே இந்தச் சிகிச்சை வேரூன்றிற்று. 1980களின் நடுப்பகுதியில் கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் பேராசிரியர் ஷெரிப்தீன், சிறுநீரக மருத்துவ நிபுணர் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப் ஆகியோர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் முன்னோடிகளாய் நின்றனர். மனித இழைய மாற்றுச் சட்டம் 1987இல் நிறைவேறியது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளைக் காரணம் தெரியாத சிறுநீரக நோய் வாட்டும் இக்காலத்தில், அந்த முன்னோடிகளின் பணி எவ்வளவு பெரியது என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

1989இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோய் கேனும், அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ரன்டல் மொறிஸும் விலங்குகளில் உறுப்பு மாற்றம் செய்து ரபமைசினைக் கொடுத்துப் பார்த்தனர். மாற்றிய உறுப்பு நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. அது வேலை செய்யும் விதம் சைக்ளோஸ்போரினிலிருந்து வேறுபட்டதும் தெரிந்தது. எளிமையாகச் சொல்வதானால், நிணநீர்க் கலம் ஆபத்தைக் கண்டதும், பெருகுங்கள் என்று ஒரு கடிதம் எழுதுகிறது. சைக்ளோஸ்போரின் அந்தக் கடிதத்தை எழுதவே விடாது. ரபமைசின் இருக்கும்போது கடிதம் எழுதப்படும், போயும் சேரும்; வாசித்த கலம் மட்டும் அசையாது. ஏன் அசையவில்லை என்று தேடிய விஞ்ஞானிகள் 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மதுவக் கலங்களை வைத்து ஆராய்ந்து, கலத்தின் வளர்ச்சியையே ஆளும் ஒரு புரதத்தைக் கண்டனர். சில ஆண்டுகளில் மனிதக் கலங்களிலும் அது இருப்பது தெரிந்தது. உணவு போதுமானதா, வளரலாமா, பொறுத்திருக்க வேண்டுமா என்று கலத்துக்கு முடிவு சொல்லும் புரதம் அது. ரபமைசின் போய்ப் பற்றும் இலக்கு என்பதே அதற்கு வைக்கப்பட்ட பெயர். மருந்தைத் தேடிப் போனவர்கள் உயிரியலின் அடிப்படைக் கதவொன்றைத் திறந்தார்கள்.

மனிதரில் பரிசோதனைகள் பல ஆண்டுகள் நடந்தன. 1999 செப்டெம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம், சிறுநீரக மாற்றத்தின் பின் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தாக அதை ஏற்றது. சிரோலிமஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். மண் எடுத்து ஏறக்குறைய 35 ஆண்டுகள். சேகல் அதைப் பிரித்தெடுத்து 27 ஆண்டுகள்.

இது குறையே இல்லாத அற்புத மருந்து என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. குருதியில் கொழுப்பைக் கூட்டும். வாயில் புண் வரும். சத்திரசிகிச்சைக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஈரல், சுவாசப்பை மாற்றியவர்களுக்கு ஆரம்பத்தில் கொடுப்பது ஆபத்து என்ற எச்சரிக்கையும் உண்டு. காவற்படை அடங்கியிருப்பதால் சாதாரணக் காய்ச்சலும் பெரிதாகலாம். எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குருதிப் பரிசோதனை செய்து வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். எமது வீடுகளில் அடிக்கடி எழும் நோன்புக் கேள்வியும் இதில் அடங்கும். இத்தகைய குளிசைகளை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். சிலவற்றை நாளுக்கு இரு தடவை. உறுப்பு மாற்றியவர் றமழானில் நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்ளாமல், சில மாதங்கள் முன்னரே வைத்தியரிடமும் உலமாவிடமும் கேட்டுவிடுவது நல்லது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தீவு மக்களுக்கு இதிலிருந்து என்ன கிடைத்தது என்பதையும் சொல்லாமல் போனால் இக்கதை நேர்மையாகாது. விஞ்ஞானிகளின் கப்பல் போய்ச் சேர்ந்த அதே நாட்களில் தீவில் ஒரு கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. அம்மக்கள் சிலிக் கடற்படையின் ஆட்சியில் இருந்தனர். வாக்குரிமை இல்லை, தீவை விட்டு வெளியேறும் சுதந்திரம்கூட இல்லை. அல்பொன்சோ ராப்பு என்ற 22 வயது ஆசிரியர் ஒருவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 1966இல் தனிச்சட்டம் ஒன்றின் மூலமே அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. குருதி கொடுத்ததும் மண் கொடுத்ததும் அதற்கு முன்னர். அந்த மண்ணில் பிறந்த மருந்து பெரும் பணம் ஈட்டியது. தீவுக்குக் கிடைத்தது மருந்தின் பெயரில் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்து. மண் எடுக்கப்பட்டதை நினைவுகூரும் ஒரு கல்வெட்டு 2000ஆம் ஆண்டில் அங்கு வைக்கப்பட்டது. அதை வைத்தவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள். எழுதியிருப்பது போர்த்துக்கேய மொழியில். தீவில் பேசப்படுவது ராப்பா நூயி மொழியும் ஸ்பானிய மொழியும். இயற்கை வளத்தை எடுப்போர் அதன் சொந்தக்காரரோடு பயனைப் பகிர வேண்டும் என்ற சர்வதேச உடன்பாடுகள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவை. சேகலை நாம் மதிப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மருந்தின் பின்னால் ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதி வைப்பது எமது வழக்கமாகிவிட்டது. நொக்ராடியின் பெயரைக்கூட எத்தனை பேர் அறிவர்?

சேகலுக்கு அனுமதிச் செய்தி வந்தபோது அவரே ஒரு நோயாளியாக இருந்தார். 1998இல் அவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் என்பது தெரியவந்தது. அது ஏற்கெனவே உடலில் பரவியிருந்தது. சில மாதங்களே என்று வைத்தியர்கள் கருதினர். புற்றுக் கட்டிகளை ரபமைசின் தடுக்கிறது என்று பல ஆண்டுகளுக்கு முன் முடிவுகள் வந்ததை அவர் மறக்கவில்லை. வழமையான சிகிச்சையோடு, தான் காத்துவைத்த மருந்தைத் தானே உட்கொள்ளத் தொடங்கினார். மாதங்கள் ஆண்டுகளாயின. பிரயாணம் செய்தார், கருத்தரங்குகளில் பேசினார், எழுதினார்.

ஆனால் விஞ்ஞானியின் மனம் அமைதியாக இருக்கவில்லை. தன்னை உயிரோடு வைத்திருப்பது ரபமைசினா, வேறு சிகிச்சையா, வெறும் தற்செயலா? நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். மனைவி உமாவிடம் சொல்லிவிட்டு மருந்தை நிறுத்தினார். கட்டிகள் திரும்பி வந்தன. அது தான் செய்த மிகப் பெரிய மடமை என்று கடைசி நாட்களில் அவர் கருதியதாக மகன் அஜய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே ஒரு மனிதரின் அனுபவத்தை வைத்து ஒரு மருந்தைப் பற்றி முடிவு செய்ய முடியாது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இருந்திருக்கமாட்டார். அப்படியிருந்தும் அவர் நிறுத்தினார். அந்த முடிவை வாசிக்கும்போது எனக்கு அவர்மீது கோபமும் இரக்கமும் ஒருங்கே வருகின்றன. பிள்ளைகள் உள்ள ஒரு தந்தை அப்படிச் செய்யலாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

2003 ஜனவரி 21ஆம் திகதி அவர் காலமானார். எழுபத்தோராவது பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன.

அவ்வாண்டு ஏப்ரலில், அடைபட்ட இருதய நாடியைத் திறந்து வைக்கும் வலைக்குழாயின் மேல் ரபமைசின் பூசிப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது. கலங்கள் பெருகி நாடி மீண்டும் அடைபடுவதை அது குறைத்தது. 2007இல், ரபமைசினிலிருந்து ஆக்கப்பட்ட ஒரு மருந்து சிறுநீரகப் புற்றுநோய்க்கு ஏற்கப்பட்டது. 2009இல் வயதான எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை கூடுதல் காலம் வாழ்ந்தன என்ற செய்தி வந்தது. அதைக் கேட்டு ஆயுள் நீட்டும் குளிசை என்று தேடி அலைவோர் மேல்நாடுகளில் இருக்கிறார்கள், அதற்கு மனிதரில் இன்னும் சான்று இல்லை. பெரும்பாலும் பெண்களை, அதுவும் பிள்ளை பெறும் வயதில், தாக்கிச் சுவாசப்பையை மெல்ல மெல்லச் சிதைக்கும் ஓர் அரிய நோய் உண்டு. அதற்கெனத் தனி மருந்து எதுவும் இருக்கவில்லை. 2015இல் அந்நோய்க்கு முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது, சேகலின் உறைபெட்டியில் இருந்த அதே மருந்து.